காக்கைப்பொன்னும் ஒரு குருவியின் கண்ணும்

அம்மா கியோட்டோவுக்கு வந்து பத்து நாள் ஆகியிருந்தது. அன்று மாலை வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். சமையலறை மேடையில், கழுவிக் கவிழ்த்த டம்ளர்களுக்குப் பக்கத்தில் ஒரு துணியை விரித்து, அதன் நடுவில் அந்த வளையத்தை வைத்திருந்தார்.

"உன் மேசை மேல கறுத்துப்போய்க் கெடந்துச்சுடா. புளி போட்டு ஒரு தேய் தேச்சேன். பாரு, செம்பு எப்படிப் பளபளன்னு வந்துடுச்சு."

ஊரிலிருந்து கொண்டுவந்த புளி. கொஞ்சம் உப்பும் சேர்த்திருக்கிறார். நாற்பது வருடம் குத்துவிளக்கையும் செம்புக் குடத்தையும் தேய்த்த கை. அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தபிறகு எனக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை. வளையத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினேன். மூன்று வருடமாக என் மேசையில் இருந்த கறுப்பு, ஒரு துளிகூட மிச்சமில்லை. உரித்த தோல் மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தது.

அந்த வளையத்துக்கு ஃபுச்சி என்று பெயர். ஜப்பானிய வாளின் கைப்பிடி ஆரம்பிக்கும் இடத்தில், கைகாப்புத் தகட்டை ஒட்டி உட்காரும் முட்டை வடிவப் பூண். நீளவாக்கில் நாலு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, உயரம் ஒரு சென்டிமீட்டர். தோஜி கோவிலில் மாதாமாதம் 21ஆம் தேதி கூடும் சந்தையில், ஒரு தகர டப்பாவில் பழைய பொத்தான்களோடும் சாவிகளோடும் கிடந்தது. கறுப்பு வளையம், அதில் மூங்கில் இலைகள், தங்கத்தில் இரண்டு குருவிகள். கையெழுத்து கிடையாது. யார் செய்தது, எந்த வாளில் இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அதை வாங்கிய நாளிலிருந்துதான் நான் இந்த உலகத்துக்குள் நுழைந்தேன்.

அம்மா தேய்த்ததில் குருவிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தங்கத்தைப் புளி என்ன செய்யும்? முன்பைவிடப் பிரகாசமாகவே இருந்தன. உருப்பெருக்கியை எடுத்துப் பார்த்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. பெரிய குருவியின் கண், ஊசிமுனை அளவுப் புள்ளி, முன்பு கறுப்பாக இருந்தது, இப்போது சிவந்திருந்தது. அது மையோ அரக்கோ கிடையாது. தங்கத்தில் ஒரு துளை இட்டு, அதற்குள் வேறொரு உலோகத்தைப் பதித்து வைத்திருக்கிறார்கள். கறுப்பு இருந்தவரை அது தெரியவில்லை.

அந்த உலோகம் ஷாகுதோ. வளையமும் அதேதான்.

ஷாகுதோவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு இந்தக் கலையில் மற்ற எதையும்விட அதன்மேல்தான் பித்து. செம்பில் தங்கத்தைக் கலக்கிறார்கள். நூற்றுக்கு மூன்று பங்கு, நாலு பங்கு, உயர்ந்த வேலை என்றால் ஐந்து. அந்தத் தங்கம் வெளியே தெரிவதற்காகப் போடப்படுவது அல்ல. கலந்து உருக்கி, தகடாக அடித்து, செதுக்கி முடிக்கும்வரை அது வெறும் செம்பு போலத்தான் இருக்கும். கடைசியில் ஒரு கரைசலில் வேகவைக்கும்போது அந்தத் தங்கம் தன் வேலையைச் செய்யும். செம்பு தனியாக இருந்தால் அந்தக் கரைசலில் காவி கலந்த சிவப்பாகும். தங்கம் உள்ளே இருந்தால் கறுக்கும். சாதாரணக் கறுப்பு அல்ல, சாய்த்துப் பார்த்தால் ஊதாவும் நீலமும் ஓடும் கறுப்பு. கறுப்பு வரவேண்டும் என்பதற்காகத் தங்கத்தைப் போடுகிறார்கள். முதல் தடவை கேட்டபோது நான் நம்பவில்லை.

எழுத்தில் பார்த்தால் ஷாகுதோ என்ற சொல்லுக்குச் 'செஞ்செம்பு' என்று பொருள். இன்னொரு பழைய பெயரும் உண்டு, காக்கைப்பொன். மழையில் நனைந்த காக்கைச் சிறகின் நிறம் என்பதால். தமிழில் காக்காய்ப்பொன் என்றால் நமக்கு வேறு நினைவு வரும்: மின்னும் அபிரகம், பொன் மாதிரி தெரிந்தாலும் பொன் இல்லாதது. இங்கே அதே பெயர் தலைகீழாக நிற்கிறது. பொன் மாதிரி தெரியாது, உள்ளே பொன் இருக்கிறது.

சரி, அந்த மேல்தோல் எவ்வளவு தடிமன்? தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிசு. பெரும்பாலும் செம்பு ஆக்சைடு, அதற்குள் மிக நுண்ணிய தங்கத் துகள்கள். புளியின் அமிலத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

அந்த வாரமே ஒருவரைத் தேடிப் போனேன். வயதான உலோகச் செதுக்கர், நகரின் வடக்குப் பக்கம், ஆள் ஒருவர் மட்டும் போகக்கூடிய சந்தில் பட்டறை. எல்லாரும் சென்செய், அதாவது ஆசான், என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். வளையத்தைப் பார்த்ததும் அவர் முகம் சுளிக்கவில்லை. என்ன போட்டுத் தேய்த்தார்கள் என்று கேட்டார். கையோடு கொண்டுபோயிருந்த புளியைக் கொடுத்தேன். ஒரு சுளை பிய்த்து வாயில் போட்டுச் சப்பினார். "நாங்கள் உமே காடியில் கழுவுவோம். இது அதற்கு அக்கா மாதிரி" என்றார். உமே என்பது இங்குள்ள புளிப்புப் பழம், அதை உப்பில் ஊறவைத்து இறங்கும் சாறுதான் அந்தக் காடி. நிறம் ஏற்றும் முன் உலோகத்தைச் சுத்தமாக்க அதைத்தான் காலங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள்.

அப்புறம் நிதானமாக இன்னொன்றும் சொன்னார். "இருநூறு வருடக் கறுப்பு போய்விட்டது. அது திரும்பாது. நான் தரக்கூடியது இன்றைய கறுப்பு. அது போதும் என்றால் வையுங்கள். ஆனால் கையில் வேலை இருக்கிறது, மூன்று மாதம் ஆகும்."

வைத்துவிட்டு வந்தேன். அந்த மூன்று மாதமும் ஓய்வு கிடைத்த நாளெல்லாம் அருங்காட்சியகம் அருங்காட்சியகமாகச் சுற்றினேன்.

ஜப்பானிய வாள் என்றால் நாம் அலகைத்தான் நினைக்கிறோம். அதை அடித்தவன் ஒருவன், தீட்டியவன் இன்னொருவன். அதன்மேல் இருக்கும் உலோக அணிகளைச் செய்தவர்கள் முற்றிலும் வேறு வகைத் தொழிலாளர்கள். கைக்கும் அலகுக்கும் நடுவே இருக்கும் தகடு ட்சுபா, ஏழெட்டு சென்டிமீட்டர் விட்டம். கைப்பிடியின் ஒரு நுனியில் ஃபுச்சி, மறுநுனியில் காஷிரா. பிடியைச் சுற்றிய பட்டுக் கயிற்றுக்கு அடியில் பாதி மறைந்து மெனுகி என்ற இரண்டு சின்ன உருவங்கள். உறையின் பக்கவாட்டில் செருகிய சிறு கத்தியின் பிடி கோசுகா, இன்னொரு பக்கம் முடியைக் கோதிச் சரிசெய்யும் கோகாய் என்ற ஊசி. எல்லாமே கைக்குள் அடங்கும் அளவு. இவற்றில் ட்சுபாவைத்தான் உலகம் முழுக்கச் சேகரிக்கிறார்கள். இரும்பு ட்சுபாக்களுக்குத் தனி ரசிகர்களே உண்டு. நோபுயியே, கானெயியே என்ற பெயர்களைச் சொன்னால் அவர்கள் குரல் தாழ்ந்துவிடும். எனக்கு இரும்பு அவ்வளவாக ஒட்டவில்லை. என் மனம் நிறங்களிடமே திரும்பத் திரும்பப் போனது.

நிறங்களின் கதை ஒரு குடும்பத்திலிருந்து ஆரம்பிக்கிறது. கோத்தோ யூஜோ, 1440இல் பிறந்து 1512இல் இறந்தவர், அஷிகாகா யோஷிமாசா என்ற ஷோகுனுக்கு, அதாவது நாட்டை ஆண்ட படைத்தலைவருக்கு, வேலை செய்தவர். கியோட்டோவுக்கு வரும் எல்லாரும் போய்ப் பார்க்கும் வெள்ளி மண்டபத்தைக் கட்டிய அதே யோஷிமாசா. யூஜோவிலிருந்து தொடங்கி அந்தக் குடும்பம் பதினேழு தலைமுறை இந்த வேலையைச் செய்தது. ஆட்சி மாறியது, குடும்பம் மாறவில்லை. ஐந்தாம் தலைமுறையான தோகுஜோவிடம்தான், அப்போது நாட்டை ஆண்ட ஹிதேயோஷி 1588இல் பெரிய தங்க நாணயங்களை அடிக்கும் பொறுப்பைக் கொடுத்தார். தங்கத்தின் மாற்றைக் கண்ணாலேயே சொல்லக்கூடியவர்கள் என்ற நம்பிக்கை.

கோத்தோ வீட்டு வேலையை ஒரு தடவை பார்த்தால் மறக்க முடியாது. ஷாகுதோவில் கறுத்த தளம், அதன்மேல் தங்கத்தில் புடைத்து நிற்கும் டிராகன் அல்லது சிங்கம். கோசுகா, கோகாய், மெனுகி மூன்றும் ஒரே கருப்பொருளில், ஒரே தொகுப்பாக. எடோவில் (இன்றைய தோக்கியோ) ஷோகுனின் கோட்டைக்கு முறைப்படி போகும் சாமுராய்க்குக் கறுப்பு அரக்குப் பூசிய உறையும் இந்த ஷாகுதோ அணிகளும்தான் உடை ஒழுங்கு. நம் ஊரில் கல்யாணத்துக்குப் பட்டுவேட்டி மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் கறுத்த தளத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் வெல்வெட் துணி மாதிரி இருக்கும். கிட்டே போனால் முழுக்க முழுக்கச் சின்னச் சின்ன மணிகள், வரிசை தப்பாமல். நானாகோ என்கிறார்கள், மீன்முட்டை என்று பொருள். உளியின் முனையில் ஒரு குட்டிக் குழி, அரைக்கோள வடிவில். அதை உலோகத்தின்மேல் நிறுத்திச் சுத்தியலால் ஒரு அடி அடித்தால் ஒரு மணி. நகர்த்தி இன்னொரு அடி, இன்னொரு மணி. இதை மட்டுமே செய்யும் தனித் தொழிலாளர்கள் இருந்தார்கள். ஒரு அடி சாய்ந்தால் அந்த வரிசையே நெளியும், நெளிவு அடுத்த வரிசைக்கும் தாவும். அழித்துவிட்டு மறுபடி செய்ய முடியாது.

என் ஃபுச்சியிலும் நானாகோதான். அம்மா தேய்த்த அன்று இரவு தூக்கம் வராமல் உருப்பெருக்கியும் அளவுகோலும் வைத்து எண்ணினேன். ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு 24 மணிகள். வளையத்தைச் சுற்றிவர, இலைகளும் குருவிகளும் இருக்கும் இடத்தைக் கழித்தாலும், மொத்தம் 4,000க்குக் குறையாது. கையெழுத்துக்கூடப் போடாத ஒருவர், மூன்று விரலுக்குள் அடங்கும் வளையத்தில், 4,000 தடவை கைநடுங்காமல் அடித்திருக்கிறார். ஒரே ஒரு இடத்தில், கீழ் விளிம்புக்குப் பக்கத்தில், இரண்டு மணிகள் ஒன்றின்மேல் ஒன்று லேசாக ஏறியிருந்தன. கறுப்பு இருந்தபோது அது என் கண்ணில் பட்டதே இல்லை. யாராவது கூப்பிட்டுத் திரும்பியிருப்பாரா, தும்மினாரா, தெரியாது. அந்த இடத்தை நான் அன்றைக்கு அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோத்தோ வீட்டு வேலை உயர்ந்தது, ஆனால் ஒரு கட்டத்துக்குப் பிறகு அதில் டிராகன்மேல் டிராகன்தான். அதை உடைத்து வெளியே வந்தவர் யோகோயா சோமின், 1670இலிருந்து 1733வரை வாழ்ந்தவர். ஷோகுனின் சம்பளத்தை விட்டுவிட்டு, நகரத்துக்காரர்களுக்கு வேலை செய்யத் தொடங்கினார். கோத்தோ வீட்டாரின் 'வீட்டுச் செதுக்கு', நகரத்துக்காரர்களுக்கான 'ஊர்ச் செதுக்கு' என்ற பிரிவே அவருக்குப் பிறகுதான் அழுத்தமாக வந்தது. எடோ காலத்தில், தொடக்கத்துச் சில சண்டைகளைத் தவிர, போர் கிடையாது. 1603இல் தொடங்கிய அந்தக் காலம் இரண்டரை நூற்றாண்டு நீண்டது, பெரும்பகுதி அமைதி. வாள் உறையைவிட்டு வெளியே வரவேண்டிய தேவையே இல்லாதபோது, பார்வைக்குத் தெரிவது அதன் அணிகள்தான். வணிகர்களுக்கு நீண்ட வாள் கட்ட அனுமதி இல்லை, குட்டை வாள் கட்டலாம். அவர்களிடம் பணமும் இருந்தது, ரசனையும் இருந்தது.

சோமின் கொண்டுவந்த முறைக்குக் கதாகிரி என்று பெயர். உளியைச் சாய்த்துப் பிடித்து வெட்டினால் கோட்டின் ஒரு பக்கம் செங்குத்தாக ஆழமாகவும், மறுபக்கம் சரிந்து மேலேறியும் இருக்கும். மையில் தோய்த்த தூரிகையை அழுத்தித் தூக்கும்போது கோடு தடித்து மெலியும் இல்லையா, அதை உலோகத்தில் வெட்டிக் காட்டுகிறார். தூரிகை என்றால் ஒரே வீச்சு. உளி என்றால் சுத்தியலின் நூறு தட்டு. நூறு தட்டும் ஒரே வீச்சாகத் தெரிய வேண்டும்.

அதே காலத்தில் நாரா என்ற செதுக்கர் குடும்பத்தின் வழியில் மூன்று பேர் இருந்தார்கள்: தோஷிநாகா, ஜோயி, த்சுசியா யாசுசிகா. ஜோயியின் உருவங்கள் தகட்டின் மட்டத்துக்குக் கீழேயே புடைத்து நிற்கும், தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல. யாசுசிகா வடக்கே ஷோனாய் பகுதியிலிருந்து எடோவுக்கு வந்தவர். இவர்களில் அவர்தான் எனக்கு நெருக்கம். செம்பு, பித்தளை, இரும்பு, ஷாகுதோ, ஷிபுஇச்சி என்று எந்த உலோகத்தையும் விட்டுவைக்கவில்லை. ஷிபுஇச்சி என்றால் 'நாலில் ஒன்று', செம்பு மூன்று பங்கு, வெள்ளி ஒரு பங்கு. கரைசலில் போட்டால் பனிமூட்டத்தின் சாம்பல் நிறம் வரும். வெள்ளியின் அளவைக் கூட்டிக் குறைத்தால் சாம்பலிலேயே பல வகை. அந்த நிறத்தில் ஒரு ஆற்றங்கரையைக் காட்டிவிட்டால் அங்கே விடியற்காலை தானாக வந்துவிடும்.

1876 மார்ச் 28 அன்று இதெல்லாம் ஒரே ஆணையில் நின்றது. படை, காவல், அரசு விழாக்கள் தவிர வேறு யாரும் வாள் கட்டக்கூடாது. வாளைக் கட்ட ஆளில்லை என்றால் அணிகளுக்கு யார் இருக்கிறார்கள்? பல தலைமுறையாகத் தொழில் செய்த வீடுகள் சில மாதங்களில் வேலையற்றுப் போயின. சிலர் புகைக்குழல், புகையிலைப் பைக்கான கொக்கி, கிமோனோ இடைக்கச்சைக்கான ஊக்கு என்று மாறினார்கள். சிலர் வெளிநாட்டுக் கப்பல்களுக்காகப் பூச்சாடிகள் செய்தார்கள். இங்கே கியோட்டோவில் கோமாய் ஒதோஜிரோ இரும்பில் தங்க இழைகளை ஒட்டும் வேலையைப் பெட்டிகளுக்கும் தட்டுகளுக்கும் கொண்டுபோனார். பழைய அணிகள் அடிமாட்டு விலைக்குப் போயின. பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இன்று ஆயிரக்கணக்கில் இருப்பவற்றில் பெரும்பாலானவை அந்தக் காலத்தில் இங்கிருந்து போனவைதான். என் ஃபுச்சியின் வாளும் அப்படித்தான் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இந்த இடத்தில் கானோ நட்சுவோவைச் சொல்லாமல் போக முடியாது. 1828இல் கியோட்டோவில் பிறந்தவர். ஒரு வாள் வியாபாரி தத்து எடுத்து வளர்த்தார். 1854இல் எடோவுக்குப் போனார். புதிய மெய்ஜி அரசு நாணயம் அடிக்க முடிவு செய்தபோது, 1869இல், வடிவமைப்பை அவரிடம் கொடுத்தது. அச்சுகளை பிரிட்டனில் வெட்டிக்கொள்வதாகத்தான் ஏற்பாடு. நட்சுவோவின் மாதிரிகளைப் பார்த்தபிறகு, இவரே வெட்டட்டும் என்று விட்டுவிட்டார்கள். 1870 என்று ஆண்டு பொறித்த ஒரு யென் வெள்ளி நாணயத்தில் இருக்கும் டிராகன் அவர் கைவேலை. வாளின் பக்கவாட்டில் நானூறு வருடமாகச் சுருண்டு கிடந்த விலங்கு, கடைசியில் காய்கறிக்காரியின் கைக்கும் வந்து சேர்ந்தது. 1890இல் அவர் தோக்கியோ நுண்கலைப் பள்ளியில் பேராசிரியரானார். அங்கே உடன் கற்பித்த உன்னோ ஷோமின் அதே ஆண்டு தேசியக் கண்காட்சியில் ரன்ர்யோ-ஓ என்ற முகமூடி நடனத்தை ஆடுபவரின் உலோகச் சிலையை வைத்தார். முகமூடியைக் கழற்றலாம், கழற்றினால் உள்ளே முகம். வாள் அணியில் கற்ற ஒவ்வொரு உலோகமும் அந்த ஆடையில் வந்து நிற்கிறது. இன்று அது தோக்கியோ அரண்மனை வளாகத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஒசாக்கா நாணயச் சாலையில் 1872இலிருந்து பதினாறு வருடம் வேலை பார்த்த வில்லியம் கவ்லாண்ட் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் இந்த உலோகக் கலவைகளைப் பற்றி ஊன்றி எழுதினார். ஊர் திரும்பி, 1901இல், ஸ்டோன்ஹெஞ்சில் சாய்ந்து நின்ற பெருங்கல்லை நிமிர்த்தி வைத்தவரும் இவரே. இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

மூன்று மாதம் கழித்து சென்செய் கூப்பிட்டார். பட்டறையில் ஒரு சின்ன மின்னடுப்பின்மேல் செம்புப் பாத்திரம், அதில் நீலப்பச்சை நீர். இரும்புப் பாத்திரம் ஆகாதாம். உள்ளே என்ன என்று கேட்டேன். தண்ணீர், ரோகுஷோ, மயில்துத்தம். ரோகுஷோ என்பது செம்பில் ஏறும் களிம்பிலிருந்து செய்வது. எனக்கு ஒரு கணம் பேச்சு வரவில்லை. களிம்பு ஏறிய பாத்திரத்தில் சாப்பிட்டால் விஷம் என்று அம்மா ஆயுசு முழுக்கத் தேய்த்துத் தேய்த்துத் தள்ளியது எதுவோ, அதுதான் இங்கே மருந்து.

வளையத்தைச் சமையல் சோடாவும் தண்ணீரும் தொட்டு, மெல்லிய தூரிகையால் மறுபடி தேய்த்தார். நானாகோவின் ஒவ்வொரு இடுக்கும். அதற்குப் பிறகு விரல் படக்கூடாது. விரலின் எண்ணெய் பட்ட இடத்தில் நிறம் பிடிக்காது. செம்புக் கம்பியில் கோத்துத் தூக்கிக்கொண்டார். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் துருவிய முள்ளங்கி, வெள்ளை முள்ளங்கி, சாறோடு. அதற்குள் வளையத்தை முக்கிப் புரட்டினார். கரைசல் ஒரே சீராகப் பரவ இது வேண்டும். முள்ளங்கி ஒட்டியிருக்கும்போதே கொதிநீருக்குள் இறக்கினார்.

"செதுக்குபவர் வேலை செய்யும்போது ஷாகுதோவும் செம்பும் ஏறக்குறைய ஒரே சிவப்பு" என்று கம்பியை அசைத்துக்கொண்டே சொன்னார். "எது கறுக்கும், எது சிவக்கும், எது சாம்பலாகும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். இரவுக் காட்சி செதுக்குவார், கண் முன்னால் இரவே இருக்காது. கடைசி நாள் இந்தப் பாத்திரத்தில்தான் அவரும் முதல்முறையாகப் பார்ப்பார்."

நான் அதை அதுவரை யோசித்ததே இல்லை. நிறம் என்றால் மேலே பூசுவது என்றே பழகிவிட்டோம். இவர்கள் நிறத்தை மூசையில் உருக்கும்போதே உள்ளே வைத்துவிடுகிறார்கள். வெளியே எடுப்பது மாதங்கள் கழித்து. அதுவரை நம்பித்தான் வேலை செய்ய வேண்டும். என் வளையத்தைச் செய்த பெயரில்லாதவரும், 4,000 மணிகளையும் சிவப்பின்மேல்தான் அடித்திருக்கிறார். குருவிக்குச் சிவப்புக் கண்ணைத்தான் வைத்திருக்கிறார்.

முதல் இரண்டு மூன்று நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் சிவப்பு மங்கிப் பழுப்பானது. வெளியே எடுத்துக் கழுவி, முள்ளங்கியில் புரட்டி, மறுபடி உள்ளே. கத்திரிக்காய்த் தோல் மாதிரி ஒரு ஊதா வந்தது. சென்செய் தலையை ஆட்டினார், கலவையில் தங்கம் நன்றாகவே இருக்கிறது என்றார். மறுபடி வெளியே, மறுபடி உள்ளே. எத்தனை தடவை என்று எண்ணவில்லை. அரைமணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒரே பாத்திரம், ஒரே நீர். தங்கம் தங்கமாகவே இருந்தது. ஒரு மூங்கில் இலை மட்டும் காவிச் சிவப்பில் நின்றது, அது தனிச் செம்பு. அந்த ஒரு இலையை மட்டும் காய்ந்த இலையாகக் காட்டியிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அழுக்கும் பழமையும் மூடியிருந்த மூன்று வருடத்தில் அந்த இலை எனக்கு மற்ற இலைகளோடு ஒன்றாகவே தெரிந்திருந்தது.

தண்ணீரில் அலசி, பருத்தித் துணியில் ஒற்றி எடுத்து என் முன்னால் வைத்தார். பழைய கறுப்பு இது இல்லை. பழையதில் கை பட்டுப் பட்டு வந்த ஒரு ஆழம் இருந்தது, இதில் அது இன்னும் இல்லை. ஜன்னல் பக்கம் சாய்த்தால் ஊதா ஓடியது. உருப்பெருக்கியை அவரிடமே வாங்கிப் பார்த்தேன். முதலில் தேடியது பெரிய குருவியின் கண்ணை. கறுத்திருந்தது. நடுவில் ஜன்னல் வெளிச்சம் ஒரு புள்ளியாக நின்றது.

இரவு அம்மாவுக்குப் படம் அனுப்பினேன். அன்றைக்குத் தேய்த்ததைப் பற்றிப் பிறகு விவரம் தெரிந்து, ஊருக்குப் போன பிறகும் அதையே நினைத்து வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்க வேண்டும், கொஞ்ச நேரம் கழித்துத்தான் கூப்பிட்டார்.

"கண்ணைத் தொறந்துட்டாராடா?" என்றார்.

"தொறந்துட்டார்மா" என்றேன்.